பாஸ்டர் ஐயாகிட்ட கேளுங்க

ரிட்டையர் ஆகி சில வருஷம் ஆச்சு, இனிமே நம்மகிட்ட யாரு கேள்வி கேக்கப் போறான்னு நெனச்சிட்டு இருந்தேன், எடிட்டர் தம்பி ஒரு கட்டு கடுதாசியக் கொண்டாந்து மேசைல போட்டுட்டாரு. வேதாகமக் கேள்வி கம்மி, சொந்தக் கத கேக்குறதுதான் ஜாஸ்தி. சரி, சொல்றேன்.

ஐயா நீங்க எந்த ஊரு? உங்க அப்பாவும் ஊழியக்காரரா?
- வாசகி, ஈசூன்

இதே சிங்கப்பூர்ல உங்க பக்கத்து ஊருதாம்மா, செம்பவாங். 1954ல பொறந்தேன். அப்பா நாசரேத்லேர்ந்து கப்பலேறி வந்தவரு, நம்ம தூத்துக்குடி பக்கத்து நாசரேத், இஸ்ரேல்ல இருக்குறது இல்ல, வாழ்க்க பூரா இத வெளக்கிட்டே இருக்கேன். பிரிட்டிஷ் நேவல் பேஸ்ல கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேல. 1968ல வெள்ளக்காரன் டாக்யார்ட நம்ம அரசாங்கத்துகிட்ட ஒப்படச்சப்ப வேல இருக்குமா போகுமான்னு வீட்ல ஒரே பேச்சு, நல்லவேளையா போகல. ஊழியக்காரர்லாம் இல்ல, ஞாயித்துக்கெழம ஓவர்டைம் கெடச்சா சர்ச்சுப் பக்கமே வர மாட்டாரு. அம்மாதான் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனைய துணி தொவைக்கிறப்ப பாடிட்டே இருப்பாங்க, எனக்குத் தெரிஞ்ச முதல் இறையியல் சோப்பு வாசனையோட வந்ததுதான்.

தரிசனம் ஏதாவது கண்டுதான் ஊழியத்துக்கு வந்தீங்களா?
- வாசகர், பொங்கோல்

ஒண்ணும் காணல தம்பி. துறைமுகத்துல கிளார்க்கா இருந்தேன். எங்க போதகர், சபைல கண்ணு தெரியாத ஒரு தாத்தா இருக்காரு, சனிக்கெழம போயி பைபிள் வாசிச்சுக் காட்டுன்னு சொன்னாரு, சரின்னு போனேன். தாத்தாவுக்கு பைபிள் சங்கீதப் புஸ்தகத்துல பாதி மனப்பாடம், நான் ஒரு வார்த்த தப்பா வாசிச்சா கைய தூக்கி நிறுத்திருவாரு. ரெண்டு வருஷம் இப்படியே போச்சு. அவரு செத்த பெறகு சனிக்கெழம மத்தியானம் ஆனா எனக்கு கால் ஒரு எடத்துல நிக்கல, என்ன பண்றதுன்னு தெரியாம ஒருநாள் போதகர்கிட்டயே போயி நின்னேன், அவரு சிரிச்சுட்டு டிரினிட்டி இறையியல் கல்லூரி அப்ளிகேஷன் பாரத்த எடுத்துக் குடுத்தாரு. அப்ப கல்லூரி மவுண்ட் சோபியா மேட்டுல இருந்துச்சு, இப்ப அப்பர் புக்கித் தீமா.

பைபிள் தமிழ் என் பையனுக்குப் புரியல. ஏன் இவ்வளவு கஷ்டமா இருக்கு?
- ஒரு தாயார், செங்காங்

உங்க பையன் மட்டுமா. சண்டே ஸ்கூல்ல ஒரு பாப்பா "பாஸ்டர், இரட்சிப்பும் ராட்சசனும் சொந்தக்காரங்களா"ன்னு கேட்டுச்சு, நான் அஞ்சு நிமிஷம் பேச்சு மூச்சில்லாம நின்னேன். சீகன்பால்குன்னு ஒரு ஜெர்மன் மிஷனரி, 1706ல தரங்கம்பாடில வந்து எறங்குனவரு, 1715ல தமிழ் புதிய ஏற்பாட்ட அச்சுலயே கொண்டாந்துட்டாரு. அப்பறம் பலபேர் கை வச்சு வச்சு திருத்துனாங்க. ஆனா அந்தக் காலத்து வடமொழி வார்த்தைங்க அப்படியே ஒட்டிக்கிச்சு, ஸ்தோத்திரம், கிருபை, பரிசுத்தம். பெருசுங்களுக்கு அதுதான் ஜெப மொழி, மாத்துனா சண்டைக்கு வருவாங்க. பிஎஸ்எல்இ, அதான் ஆறாம் வகுப்பு பரீட்சை, அதுல தமிழ் ஓரல்ல நல்லாப் பேசணும்னு புள்ளைங்கள சர்ச்சுக்கு அனுப்புறவங்களும் உண்டு, நான் வேணாம்னு சொன்னதே இல்ல. ஆனா பரீட்சைல டீச்சர பாத்து "ஸ்தோத்திரம்"னு சொல்ல வேணாம்னு சொல்லி வைங்க.

ஊழியத்துல இப்படி செஞ்சிட்டமேன்னு நீங்க வருத்தப்படுறது எது?
- வாசகர், தோ பாயோ

இந்தக் கடுதாசிய மட்டும் மூணு நாள் தனியா எடுத்து வச்சிருந்தேன்.

1988ல நடந்தது. லாரி ஓட்டி ரிட்டையர் ஆன ஒரு பெரியவரு ஆஸ்பத்திரில கெடந்தாரு, கடைசிப் பொண்ணு மட்டும் நம்ம சபை, மத்தவங்கல்லாம் இந்துக்கள். ராத்திரி அந்தப் பொண்ணு ஃபோன் பண்ணுச்சு, அப்பா ஞானஸ்நானம் கேக்குறாருன்னு. போனேன், கேட்டேன், தலைய ஆட்டுனாரு, எவர்சில்வர் டம்ளர் தண்ணிலயே குடுத்தேன். ரெண்டு நாள்ல போயிட்டாரு. மறுநாள் பாட்டுப் புஸ்தகமும் எட்டு பாடகர்களுமா அவங்க அடுக்குமாடி புளோக் கீழ தெறந்த தரைத்தளம், வாய்ட் டெக்குன்னு சொல்லுவோமே, அங்க போறோம், அங்க மூத்த மகன் சடங்கு செய்யுற பண்டாரத்த வரவழச்சு எல்லாம் தயார் பண்ணி வச்சிட்டு நிக்கிறாரு. அவருக்கு எதுவுமே தெரியாது, தங்கச்சி சொல்லல, நானும் சொல்லல. எனக்கு அப்ப 34 வயசு, பாக்கெட்லேர்ந்து ஞானஸ்நான சர்ட்டிபிகேட்ட எடுத்து நீட்டுனேன், ஏதோ போலீஸ்காரன் வாரண்ட் நீட்டுற மாதிரி. பெரிய வாக்குவாதம், அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்கல்லாம் லிஃப்ட்கிட்ட நின்னு வேடிக்க பாக்குறாங்க. பெரியவரோட சம்சாரம் பிளாஸ்டிக் நாற்காலில ஒக்காந்து எங்கள மாறி மாறி பாத்துட்டு இருந்தாங்க, அந்தம்மாகிட்ட நாங்க ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல.

நான்தான் ஜெயிச்சேன். சுவா சூ காங் கிறிஸ்தவ மயானத்துல அடக்கம், மூத்தவரு மயானத்துக்கு வரல.

அந்த மயானத்துல 1998லேர்ந்து ஒரு கல்லறைக்கு 15 வருஷந்தான் கணக்கு, பழைய கல்லறைங்களையும் கட்டம் கட்டமா தோண்டுறாங்க. ரொம்ப வருஷம் கழிச்சு தேக்கா மார்க்கெட்ல மீன் வாங்கிட்டு இருக்கேன், யாரோ தோளத் தட்டுனாங்க, பாத்தா அந்த மூத்தவரு, தல பூரா நரச்சிருச்சு. அப்பாவோட கல்லறைக்கு அரசாங்கத்துலேர்ந்து நோட்டீஸ் வந்துச்சாம், எலும்ப எடுத்து மண்டாய் சுடுகாட்டுல எரிச்சாங்களாம். "கடைசில நான்தான் பக்கத்துல நின்னேன் பாஸ்டர்"னாரு. அப்பறம், "அன்னைக்கு நீங்க செஞ்சது தப்புன்னு சொல்ல மாட்டேன், ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாம்"னாரு. மீன்காரரு காசு கேட்டுட்டு நிக்கிறாரு, எனக்கு பர்ஸ தொறக்கவே கை வரல.

இப்பவும் எளம் போதகர்கள் இந்த மாதிரி சமயத்துல என்ன பண்றதுன்னு கேட்டா, டம்ளர எடுக்குறதுக்கு முன்னாடி புள்ளைங்க எல்லாரோட நம்பரையும் வாங்குன்னுதான் சொல்றேன். அதுக்குள்ள உயிர் போயிட்டான்னு ஒருத்தரு கேட்டாரு. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.

பிடாடாரில புது வீடு கெடச்சிருக்கு, முன்னாடி மயானம்னு மாமியார் பயப்படுறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.
- வாசகி, சிராங்கூன்

மாமியார் சொல்றது நெசந்தான், மயானந்தான். 1972ல புதைக்கிறத நிறுத்துனாங்க, 2001லேர்ந்து 2006 வரைக்கும் தோண்டி எடுத்தாங்க. எங்க சபைக் குடும்பம் ஒண்ணுக்காக நானும் போயி நின்னு ஜெபம் பண்ணேன், மூணு தலமொற ஆளுங்க ஒரு சின்னப் பெட்டில அடங்குனாங்க. பக்கத்துல உட்லே எம்ஆர்டி ஸ்டேஷன கட்டி வச்சும் அந்த வட்டாரத்துல ஆளில்லன்னு 2011 வரைக்கும் தொறக்கல, ரயிலு நிக்காமயே போகும். மாமியார ஒருநாள் சாயங்காலம் அங்க கூட்டிட்டுப் போயி புள்ளைங்க சைக்கிள் ஓட்டுறத பாக்க வைங்க. நான் சொல்றத விட அது வேல செய்யும்.

ஜெபிச்சும் பலன் இல்லன்னு உங்களுக்கே தோணியிருக்கா?
- பேர் வேண்டாம், ஜூரோங் வெஸ்ட்

தோணியிருக்கு. 2020 ஏப்ரல்ல கொரோனாவுக்காக வெளிநாட்டு ஊழியர் தங்குற டார்மிட்டரிய மூடுனப்ப நம்ம ஞாயித்துக்கெழம ஆராதனைக்கு வர்ற ஊழியர் தம்பி ஒருத்தரு ஃபோன் பண்ணாரு. ராமநாதபுரத்துல அப்பா எறந்துட்டாரு, விமானம் ஓடல, ரூம விட்டும் வெளிய வர முடியாது. அடக்கத்த வாட்ஸ்அப்ல காட்டுறாங்க, நீங்களும் லைன்ல இருங்க ஐயான்னாரு. பெட்டிய எறக்குறப்ப சரியா படம் நின்னுடுச்சு. நான் ஜெபத்த ஆரம்பிச்சேன், அவரு "ஐயா சும்மா இருங்க, ஃபோன வெக்காதீங்க"ன்னாரு. நாப்பது நிமிஷம் ரெண்டு பேரும் பேசல, பின்னாடி ஒரு ஃபேன் சுத்துற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

சம்பளம் எவ்வளவு வாங்குனீங்க?
- வாசகர், பிடோக்

மனைவிகிட்டயே கொறச்சு சொல்லி மாட்டிக்கிட்டவன், உங்ககிட்ட சொல்லுவனா.

பிரசங்கத்துல யாராச்சும் தூங்குனா கோவம் வருமா?
- வாசகி, உட்லண்ட்ஸ்

ஆரம்பத்துல வந்துச்சு. எங்க சபைல ஒரு அண்ணன் மூணாவது வரிசைல ஒக்காந்து வாரா வாரம் கொறட்ட விடுவாரு, ஒருநாள் கேட்டுட்டேன். செக்யூரிட்டி வேல, ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு காலைல ஏழுக்கு நேரா சர்ச்சுக்கு வந்துடுறாராம், வீட்டுக்குப் போனா தூங்கிருவேன்னு. அதுக்கப்பறம் அந்த வரிசைக்கு மேல இருக்குற ஃபேன வேகமா வைக்கச் சொல்லிட்டேன். கடைசிப் பாட்டுக்கு அவரே எந்திரிச்சுருவாரு.