கையெழுத்து சீனை எந்த ஃப்ரேம்ல இருந்து வரையணும்?

கேள்வி: ஷார்ட் ஃபிலிம் ஒண்ணு எழுதியிருக்கேன் சார். அப்பா போனதுக்கப்புறம் அண்ணனும் தம்பியும் வீட்டை விக்க அக்ரிமென்ட்ல கையெழுத்து போட ஹால்ல உட்கார்றாங்க, கடைசி நேரத்துல தம்பி பேனாவை கீழ வச்சிடுறான். அதுதான் படத்தோட உயிரே. ஸ்டோரிபோர்டு (ஒவ்வொரு ஷாட்டையும் முன்கூட்டியே கட்டம் கட்டமா வரையறது) போட உட்கார்ந்தா எல்லா கட்டமும் க்ளோசப்பாவே வருது, எனக்கு படம் வரையவும் வராது. என்ன பண்றது?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: படம் வரைய வராதுங்கறது ஒரு பிரச்சனையே இல்ல, குச்சி மனுஷன் போதும். யார் எந்தப் பக்கம் பாக்குறாங்க, யார் பெருசா தெரியுறாங்க, நடுவுல எவ்வளவு இடம் இருக்கு, இது தெரிஞ்சா சரி.

எல்லாம் க்ளோசப்பா வர்றது ஏன்னா நீங்க வசனத்தை வரைஞ்சுட்டு இருக்கீங்க. ஒரு டயலாக்குக்கு ஒரு முகம்னு போயிட்டா பேனா கீழ வைக்கிற இடத்துல குடுக்கறதுக்கு உங்க கையில ஒண்ணும் மிச்சம் இருக்காது. வங்காள இயக்குநர் சத்யஜித் ரே ‘பதேர் பாஞ்சாலி’ (1955) எடுக்கறப்போ முழு ஸ்கிரிப்டுன்னு ஒண்ணு வச்சிருக்கல, குறிப்புகளும் அவரே வரைஞ்ச ஸ்கெட்ச்சும்தான், அதைக் காட்டித்தான் தயாரிப்பாளர்கள்கிட்ட பேசினார். சீனை படமாவே யோசிச்ச ஆளு அவர்.

அதனால முதல் கட்டத்துல ஆரம்பிக்காதீங்க, பேனா கீழ போற கட்டத்தை முதல்ல வரைங்க, அங்கிருந்து பின்னாடி வாங்க. அதுவரைக்கும் க்ளோசப்பை தொடவே கூடாது. ஹால் முழுசும் தெரியற வைடுல ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஓரமா, நடுவுல அப்பாவோட சேர் காலியா, அப்புறம் இடுப்புக்கு மேல காட்டுற மிட், அப்புறம் சஜஷன் ஷாட், அதாவது ஒருத்தரோட தோளுக்குப் பின்னாடி இருந்து இன்னொருத்தரைக் காட்டுறது. அந்த சஜஷன்ல அண்ணனோட தோள் பாதி ஃப்ரேமை அடைச்சுக்கிட்டு நின்னாலே தம்பி மேல இருக்கற அழுத்தம் டயலாக் இல்லாமலே வந்துடும். அப்புறம் பேனாவை மட்டும் காட்டுற ஒரு இன்செர்ட். அடுத்து யார் முகம்? என்னைக் கேட்டா அண்ணன் முகம்தான். தம்பி செஞ்சதை பாத்தாச்சு, அது அண்ணனை என்ன பண்ணுதுன்னுதான் இப்ப தெரியணும், முதல் க்ளோசப்பை அவருக்கு குடுங்க.

லுக், அதாவது ஃப்ரேம்ல யார் எந்தப் பக்கம் பாக்குறாங்கங்கறது முக்கியம். ஹாலை மேல இருந்து பாக்குற மாதிரி ஒரு பிளான் போட்டு ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு கோடு இழுங்க, கேமரா அதுக்கு ஒரே பக்கம்தான் இருக்கணும், அப்பதான் தம்பி ரைட் லுக்னா அண்ணன் லெஃப்ட் லுக்கா நிக்கும். யாராவது எந்திரிச்சு நடந்தா கோடும் மாறும், புது பிளான் போட்டுக்கோங்க. ஆள் நகர்ற அம்புக்குறியை கட்டத்துக்கு உள்ளயும் கேமரா நகர்றதை வெளியயும் போட்டா கேமராமேனுக்கு குழப்பம் வராது. 16:9ல (அகலம் 16, உயரம் 9ங்கற விகிதம்) எடுக்கப்போறீங்கன்னா கட்டமும் அதே அளவுல இருக்கட்டும், சதுரமா வரைஞ்சுட்டு போனா ஸ்பாட்ல ரெண்டு ஓரமும் காலியா நிக்கும்.

முடிச்சதும் கதை தெரியாத ஒருத்தர்கிட்ட வசனத்தை மறைச்சுட்டு கட்டங்களை மட்டும் காட்டுங்க, எந்த இடத்துல யார் கை ஓங்கியிருக்குன்னு கேளுங்க. எந்த கட்டத்துல முழிக்கிறாரோ அதை மட்டும் திருப்பி வரைங்க.