விலை கேட்டதற்கு அடையாள அட்டையா? சுற்றுலாத் தளங்களும் உங்கள் தரவும்: கேள்வி-பதில்

பாசிக்குடாவிலும் அறுகம்குடாவிலும் சீசன் சூடுபிடித்தால் எனக்கு வருகிற கேள்விகளும் மாறிவிடும். "போன் ஸ்லோவாக இருக்கிறது" என்று எழுதியவர்கள் எல்லாம் "இந்த வெப்சைட்டில் இதைக் கேட்கிறார்களே, கொடுக்கலாமா?" என்று எழுதுவார்கள். இந்த முறை அறை தேடுபவர்களும் அறை கொடுப்பவர்களும் கலந்து எழுதியிருக்கிறீர்கள். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன். தனிப்பட்ட தரவைப் பற்றிக் கதைக்கும் இடத்தில் அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

பாசிக்குடாவில் குடும்பத்தோடு தங்க விலை கேட்டு ஒரு தளத்தில் படிவம் நிரப்பினேன். விலை சொல்ல முன்னமே அடையாள அட்டை இலக்கம், அட்டையின் இரண்டு பக்கப் படம், வேலை செய்யும் இடம் எல்லாம் கேட்கிறது. கொடுக்காவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக ஏலாது. கொடுக்கட்டுமா சேர்? – களுவாஞ்சிக்குடி

வேண்டாம். விலை சொல்வதற்குத் திகதி, எத்தனை பேர், பதில் அனுப்ப ஒரு போன் இலக்கம், இவ்வளவும் போதும்.

அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கம்தானே என்று பலர் நினைக்கிறார்கள். புதிய 12 இலக்க அட்டையை எடுத்துப் பாருங்கள். முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 1990532 என்று தொடங்கும் இலக்கத்தைப் பார்த்தால், 1990 பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த பெண் என்று யாரும் சொல்லிவிடலாம். பழைய ஒன்பது இலக்க அட்டையிலும் இதே கணக்குத்தான், ஆண்டு மட்டும் இரண்டு இலக்கத்தில் இருக்கும். வங்கிக்குப் போன் எடுத்தால் உங்களை உறுதிப்படுத்த என்ன கேட்கிறார்கள்? அடையாள அட்டை இலக்கமும் பிறந்த திகதியும். இரண்டையும் ஒரே கட்டத்தில் நிரப்பி, முகம் தெரியாத ஒருவருக்கு அனுப்பப் பார்க்கிறீர்கள்.

அந்த ஹோட்டலுக்கு நேரே போன் பண்ணி விலை கேளுங்கள். போய் இறங்கும்போது அட்டையைக் காட்டுவதில் தவறில்லை. படம் அனுப்பித்தான் ஆகவேண்டும் என்று நின்றால், படத்தின் குறுக்கே ஹோட்டலின் பெயரையும் திகதியையும் "அறை முன்பதிவுக்கு மட்டும்" என்பதையும் எழுதி அனுப்புங்கள். அந்தக் கொப்பியை வைத்து வேறு அலுவல் பார்ப்பது அவ்வளவு சுலபமாக இராது.

அறுகம்குடாவில் நாலு அறையோடு ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறேன். சேர்ஃபிங்குக்கு வருகிற வெளிநாட்டுப் பிள்ளைகளிடம், புக் பண்ணும்போதே கடவுச்சீட்டுப் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வேன். நான் சின்ன ஆள்தானே, இதில் என்ன பிரச்சினை வரப்போகிறது? – உல்லை

உங்கள் போன் கலரியைத் திறந்து பாருங்கள், தெரியும். வட்ஸ்அப்பில் வரும் படம் அநேகமாகத் தானாகவே கலரிக்குள் விழும். அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கும் போகலாம். மகளின் பிறந்தநாள் கேக், காலையில் கரைக்கு வந்த பாரை மீன், அதற்குப் பக்கத்தில் ஒரு ஜேர்மன்காரரின் கடவுச்சீட்டு. பெயர், பிறந்த திகதி, இலக்கம், கையெழுத்து எல்லாம் பளிச்சென்று. கேம் விளையாடப் பிள்ளைகள் எடுப்பதும் அந்தப் போனைத்தான். திரை உடைந்தால் கடைக்காரரிடம் பூட்டு இலக்கத்தையும் சொல்லித்தான் கொடுத்துவிட்டு வருகிறோம்.

பெரிய ஆட்களே இதில் மாட்டியிருக்கிறார்கள். மரியட் நிறுவனம் 2016இல் வாங்கிய ஸ்டார்வுட் ஹோட்டல்களின் முன்பதிவுத் தரவுத்தளத்துக்குள் 2014இலேயே யாரோ புகுந்திருந்தார்கள். தெரிய வந்தது 2018இல். குறியாக்கம் செய்யாமல் அப்படியே கிடந்த கடவுச்சீட்டு இலக்கங்கள் மட்டும் 50 இலட்சத்துக்கு மேல். பிரித்தானியாவின் தகவல் ஆணையாளர் அலுவலகம் 2020இல் 1 கோடி 84 இலட்சம் பவுண் தண்டம் போட்டது. அவர்களிடம் கள்வர் போனதற்குக் காரணம், தேவை முடிந்தும் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்ததுதான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே இல்லாத இலக்கத்தை யாரும் எடுத்திருக்க முடியாது.

முன்பதிவுக்குப் பெயர், வரும் திகதி, தொடர்பு இலக்கம் போதும். ஆள் வந்த பிறகு கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்து, பதிவேட்டுக்கு வேண்டியதை எழுதிவிட்டுக் கையோடு திருப்பிக் கொடுங்கள். ஏற்கெனவே வந்து கிடக்கும் படங்களை அழியுங்கள். கலரியின் குப்பைத் தொட்டியிலும் கூகுள் போட்டோஸிலும் சேர்த்து அழித்தால்தான் அது அழிவு. வட்ஸ்அப் செட்டிங்ஸில் படங்களைக் கலரியில் காட்டும் வசதியையும் நிறுத்துங்கள்.

மற்றது, மேசையில் விரித்தபடி கிடக்கும் அந்தப் பதிவேட்டுக் கொப்பி. புதிதாக வருபவர் கையெழுத்துப் போடும்போது, மேலே உள்ள பெண் எந்த நாடு, எந்த அறை, எத்தனை நாள், தனியாகவா வந்திருக்கிறாள் என்பதெல்லாம் வாசிக்கக் கிடைக்கிறது. ஆளுக்கு ஒரு தாள் வைத்துவிட்டு லாச்சிக்குள் பூட்டுங்கள். கணினிப் பாதுகாப்புக்குக் காசு செலவழிக்க முதல் இதைச் செய்யலாம்.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். யூரோவில் விலை, ஜேர்மன் மொழியில் பக்கம் என்று ஐரோப்பியரைக் குறிவைத்துத் தளம் நடத்தினால், 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே இருப்பவரையும் சேர்த்துத்தான் பிடிக்கிறது. அதற்காகத் தண்டத் துண்டோடு உல்லைக்கு யாரும் ஓட்டோவில் வந்து இறங்கப்போவதில்லை. உங்கள் விருந்தாளிகள் அந்தச் சட்டத்தோடு வளர்ந்தவர்கள். "என் படத்தை அழித்தீர்களா?" என்று கேட்பார்கள், அழிக்கவில்லை என்றால் விமர்சனத்தில் எழுதுவார்கள். உங்களுக்கு அதுதான் பெரிய தண்டம்.

நாங்கள் சில பொடியன்கள் சேர்ந்து குமண, லாகுகலைப் பக்கம் ஆட்களைக் கூட்டிப்போகிறோம். எங்கள் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஹலால் சாப்பாடா சைவமா என்று தெரிந்துகொள்ளத்தான். ஒருவர் கோபப்பட்டு மெயில் போட்டிருக்கிறார். நாங்கள் செய்தது பிழையா? – அக்கரைப்பற்று

நோக்கத்தில் பிழையில்லை தம்பி, கட்டத்தில்தான் பிழை. தெரிய வேண்டியது சாப்பாடு என்றால் சாப்பாட்டையே கேளுங்கள்: ஹலால், சைவம், மீன் மட்டும், ஒத்துக்கொள்ளாத உணவு. மதத்தை வைத்துச் சாப்பாட்டை ஊகித்தால் அதுவும் பிழைக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் மரக்கறி சாப்பிடுகிறவர் எத்தனை பேர்!

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மதம், இனம், உடல்நலம் போன்றவற்றைத் தனி வகையாக வைத்துக் கூடுதல் கவனம் கேட்கிறது. மீறினால் ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்கவும் அதில் இடமுண்டு. இந்தச் சட்டம் கட்டம் கட்டமாக வருவது. தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையை அமைக்கும் பகுதி 2023இல் நடைமுறைக்கு வந்தது. 2025 மார்ச்சில் வரவேண்டியிருந்த முக்கிய பகுதி தள்ளிப்போனது. அதைச் சாட்டாக வைத்துக் காத்திருக்க வேண்டாம். மட்டக்களப்பு, அம்பாறை என்ற நம்முடைய இரண்டு மாவட்டங்களிலும் மதவாரியாகப் பெயர் எழுதிய ஒரு பட்டியல் பிழையான கையில் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை எந்தச் சட்டமும் வந்து நமக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒவ்வாமை விபரமும் உடல்நலத் தரவுதான். சமைப்பவருக்குச் சொல்லுங்கள், பயணம் முடிந்ததும் அழித்துவிடுங்கள். சாரதிகள் எல்லோரும் பார்க்கும் கூகுள் ஷீட்டில் போட்டு, "லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள்.

அறையை உறுதிப்படுத்த கார்ட் இலக்கத்தையும் பின்னால் உள்ள மூன்று இலக்கத்தையும் மெயிலில் அனுப்பச் சொல்கிறார்கள். – கல்முனை

அனுப்பாதீர்கள். அந்த மூன்று இலக்கத்தைப் பணம் கழித்த பிறகு யாரும் சேமித்து வைக்கக்கூடாது என்பது உலகம் முழுவதும் உள்ள கார்ட் நிறுவனங்களின் விதி. மெயிலில் போனால் இரண்டு பக்கத்து இன்பொக்ஸிலும் ஆயுளுக்கும் கிடக்கும். வங்கியின் கட்டணப் பக்கத்துக்கான லிங்க் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் கணக்குக்கு முற்பணம் போடுங்கள்.

வாவியில் படகுச் சவாரி நடத்துகிறோம். தளத்தில் தனியுரிமைக் கொள்கை என்று ஒரு பக்கம் இருக்கவேண்டுமாம். இன்னொரு தளத்தில் இருந்ததை எடுத்துப் போட்டிருக்கிறோம். பார்த்துச் சொல்லுங்கள். – கல்லடி

பார்த்தேன். கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு என்னென்ன உரிமை என்று இரண்டு பத்தி இருக்கிறது. முறைப்பாடுகளை "எமது டப்ளின் அலுவலகத்துக்கு" அனுப்பச் சொல்கிறது. கல்லடிப் பாலத்தடியில் படகு கட்டுகிறவருக்கு டப்ளினில் அலுவலகம் இருப்பது நல்ல விசயம்தான், ஆனால் வாசிப்பவர் நம்பமாட்டார்.

உங்கள் அளவுக்கு அரைப் பக்கம் போதும். இப்படித் தொடங்கலாம்: "படகு பதிவு செய்யும்போது உங்கள் பெயர், போன் இலக்கம், எத்தனை பேர், சிறுவர்கள் இருக்கிறார்களா என்பதைக் கேட்கிறோம். சிறுவர்களைக் கேட்பது அவர்களுக்கு அளவான உயிர்காப்பு அங்கி எடுத்து வைக்க. இவற்றை நானும் படகோட்டியும் மட்டும் பார்ப்போம். சவாரி முடிந்து ஒரு மாதத்தில் அழிப்போம். அதற்கு முதல் அழிக்கவேண்டுமானால் இந்த இலக்கத்துக்கு ஒரு செய்தி போடுங்கள்." இப்படி எழுதியபின் அப்படியே நடக்கவும் வேண்டும். ஒரு மாதம் என்று போட்டால், மாத முடிவில் உட்கார்ந்து அழிக்க ஓர் ஆள் வேண்டும்.

இன்னொன்று. உங்கள் தளத்தில் கூகுள் அனலிட்டிக்ஸும் பேஸ்புக்கின் பிக்சலும் ஓடுகின்றன. வருகிறவர் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார் என்பது அந்த நிறுவனங்களுக்கும் போகிறது. கொப்பி பண்ணிய கொள்கையோ "எந்தத் தகவலையும் மூன்றாம் தரப்புக்குக் கொடுப்பதில்லை" என்கிறது. ஒன்றில் பிக்சலைக் கழற்றுங்கள், அல்லது அந்த வரியை மாற்றுங்கள். விளம்பரம் போடாதவருக்குப் பிக்சல் எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

குக்கீ கேட்டு வரும் பெட்டியில் "ஏற்கிறேன்" என்று அமத்தினால் வைரஸ் வருமா? – ஏறாவூர்

வராது. குக்கீ என்பது, உங்களை நினைவில் வைக்கத் தளம் உங்கள் போனில் போடும் சின்னக் குறிப்பு. அறை தேடிய பிறகு ஒரு கிழமைக்குப் பேஸ்புக் முழுக்க ஹோட்டல் விளம்பரம் வரும், அவ்வளவுதான். அதுவும் வேண்டாமென்றால் "தேவையானவை மட்டும்" என்பதை அமத்துங்கள். தளம் ஒழுங்காகவே வேலை செய்யும்.

எங்கள் ஹோம்ஸ்டே வெப்சைட்டை ஊர்த் தம்பி ஒருவர் செய்து தந்தார். அவர் இப்போது கட்டாரில். தளம் ஓடுகிறது, ஆனால் பாஸ்வேர்ட் எதுவும் எங்களிடம் இல்லை. பயப்படவேண்டுமா? – வாழைச்சேனை

தம்பி நல்லவராக இருக்கலாம். ஆனாலும் பயப்படத்தான் வேண்டும். தொடர்புப் படிவத்தை நீங்களே ஒருமுறை நிரப்பி அனுப்பிவிட்டு, அவரிடம் கேளுங்கள்: "உங்கள் ஜிமெயிலுக்கும் வந்ததா?" பெரும்பாலும் வந்திருக்கும். பரிசோதிக்கத் தன் முகவரியைப் போட்டிருப்பார், எடுக்க மறந்திருப்பார். உங்கள் விருந்தாளிகள் எல்லோருடைய பெயரும் இலக்கமும் இத்தனை நாளும் கட்டாருக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு நாளில், வீடியோ கோல் எடுங்கள். தளத்தின் பெயர்ப் பதிவு (டொமைன்) உங்கள் பெயருக்கும் மெயிலுக்கும் மாறவேண்டும். முதல் வேலை இதுதான், இது உங்கள் கையில் இல்லாவிட்டால் மற்றவை எதுவும் நிலைக்காது. அப்புறம் ஹோஸ்டிங், வேர்ட்பிரஸ் இரண்டுக்கும் புதுப் பாஸ்வேர்ட், இரண்டு கட்டச் சரிபார்ப்பு. வேர்ட்பிரஸோடு சேர்த்துப் பூட்டும் சின்னப் புரோகிராம்களான பிளக்இன்களில் அப்டேட் செய்யாதவற்றை அப்டேட் செய்யுங்கள், பாவிக்காதவற்றை அழியுங்கள். 2018இல் பிரிட்டிஷ் எயார்வேஸ் தளத்தில் ஒரு சின்ன ஸ்கிரிப்டை மாற்றி வைத்துத்தான், பயணிகள் தட்டிய கார்ட் இலக்கங்களை எடுத்தார்கள். உங்கள் தளத்தைத் தேடி அப்படி ஓர் ஆள் வரவேண்டியதில்லை. பழைய பிளக்இன்களைத் தேடித் திரியும் புரோகிராம் தானாகவே வரும்.

பாசிக்குடாவில் என் ஒன்பது வயது மகள் குளிக்கும் படம், நாங்கள் தங்கிய ஹோட்டலின் தளத்தில் முதல் பக்கத்தில் இருக்கிறது. எங்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை. – செங்கலடி

பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, லிங்கையும் திகதியையும் குறித்துக்கொண்டு, "பெற்றோரின் சம்மதம் இல்லை, நீக்குங்கள்" என்று எழுத்தில் அனுப்புங்கள் அம்மா. போனில் சண்டை பிடித்தால் ஆதாரம் இராது. நான் மேலே சொன்ன இலங்கைச் சட்டம் பிள்ளைகளின் தரவையும் அந்தத் தனி வகைக்குள்தான் வைத்திருக்கிறது. தளத்தில் எடுத்தாலும் பேஸ்புக், இன்ஸ்டகிராம் பக்கங்களில் கிடக்கும், அதையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவரின் படத்தைத் தேடல் முடிவுகளில் இருந்து நீக்கும்படி பெற்றோர் கேட்க கூகுளில் தனிப் படிவம் இருக்கிறது.

ஹோட்டல்காரர்களுக்கு: கடலும் மணலும் காசு கேட்காமல் போஸ் கொடுக்கும். பிள்ளைகளை விடுங்கள்.

புக் பண்ணி இரண்டு நாளில், அதே முன்பதிவுத் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே "24 மணித்தியாலத்தில் கார்டை உறுதிப்படுத்தாவிட்டால் அறை ரத்து" என்று லிங்க் வந்தது. என் பெயர், திகதி எல்லாம் சரி. உண்மையா? – திருக்கோவில்

கள்ளம். உள்ளே வந்ததால் நம்பத் தோன்றும். ஹோட்டல் பக்கத்து ஆளின் பாஸ்வேர்டைத் திருடி, அவர் கணக்கில் இருந்தே எழுதுகிறார்கள், அதனால்தான் திகதியெல்லாம் சரியாக இருக்கிறது. லிங்கைத் தொடாமல் ஹோட்டலுக்குப் போன் எடுங்கள், அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். ஏற்கெனவே இலக்கத்தைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் முதலில் வங்கிக்குச் சொல்லி கார்டை நிறுத்துங்கள், பிறகு கணினிப் பாதுகாப்புச் சிக்கல்களுக்கு உதவும் ஸ்ரீலங்கா சேர்ட் (Sri Lanka CERT) நிறுவனத்தின் 101க்கு அழையுங்கள்.

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் அந்தத் தளத்தை நம்பலாம்தானே? எங்கள் விருந்தாளி ஒருவர் பூட்டுப் போட்ட தளத்தில்தான் விசாவுக்குக் கட்டினாராம், இரண்டு மடங்கு காசு போய்விட்டது. – கல்குடா

அந்தப் பூட்டு சொல்வது ஒன்றைத்தான்: உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது. அந்தப் பக்கம் இருப்பவர் நல்லவரா கள்வரா என்று அது சொல்லாது. கள்வரும் இலவசமாகப் பூட்டு வாங்கிக்கொள்கிறார்கள். முகவரியின் கடைசியைப் பாருங்கள். இலங்கை அரசின் தளம் ஜிஓவி.எல்கே (gov.lk) என்று முடியும். விசா அனுமதிக்கு இடிஏ.ஜிஓவி.எல்கே (eta.gov.lk). தேடலில் முதலாவதாக விளம்பரமாக வருவது அநேகமாக இடைத்தரகர்தான். அந்த அரச லிங்கை உங்கள் தளத்திலேயே, அறை விலைக்குப் பக்கத்தில் போட்டுவிடுங்கள். முன்பதிவை உறுதிப்படுத்தி அனுப்பும் மெயிலிலும் சேருங்கள், அவர்கள் கூகுளில் தேடப் போகமாட்டார்கள்.