ஆப்பிரிக்க, கரீபிய இசையைக் கலந்து முன்னோரைப் போற்றும் பாடகர் யாரையாவது பரிந்துரைக்க முடியுமா?

ஆஞ்செலிக் கிட்ஜோ. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டுக்காரர். 2004-இல் வந்த ‘ஓயாயா’ என்ற பாட்டுத் தொகுப்பைத்தான் பலரும் சொல்வார்கள். கரீபியத் தாளங்களெல்லாம் அதில் வரிசையாக வரும். எனக்கு என்னவோ அது அளவுக்கு மீறி மெருகேற்றியதுபோல் இருக்கும். நீங்கள் 2019-இல் வந்த ‘செலியா’வைக் கேளுங்கள். கியூபாவின் பாடகி செலியா குரூஸ் பாடிய பத்துப் பாட்டுகளை அதில் தன் பாணியில் பாடியிருக்கிறார்.

கிட்ஜோ 1960-இல் பிறந்த ஊர் உயிடா, அடிமைகளைக் கப்பலேற்றிய துறை. ஊரிலிருந்து கடற்கரை ஏறக்குறைய 4 கிலோமீட்டர். விலங்கு மாட்டி அத்தனை தூரமும் நடத்தியே கூட்டிப்போயிருக்கிறார்கள். அந்தக் கரையில் இப்போது ‘திரும்பி வராத வாசல்’ என்று ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது.

இந்தக் கரையோரத்திலிருந்து கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்த யொரூபா என்ற மேற்கு ஆப்பிரிக்க இன மக்கள் தங்கள் சாமிகளை மட்டும் விடவில்லை. வெளியே பார்த்தால் கத்தோலிக்கப் புனிதர் படம், உள்ளுக்குள் யொரூபா தெய்வம். பிற்பாடு அந்தப் பெயர்கள் செலியா பாடிய பாட்டுகளிலும் ஏறின.

அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். கியூபா இசைத்தட்டுகள் கடல் தாண்டி மேற்கு ஆப்பிரிக்காவுக்கே வந்து சக்கைப்போடு போட்டன. பதின்வயதுக் கிட்ஜோ பெனினின் கோட்டோனூ நகரில் செலியாவின் கச்சேரியை நேரில் பார்க்கிறார். சல்சா என்ற அந்தக் கியூபா வழி நடன இசை என்றால் ஆண்கள்தான் பாடுவார்கள் என்று நினைத்திருந்த பெண்ணுக்கு முதல் அதிர்ச்சி அது. மொழி ஸ்பானிஷ், ஆனால் நடுவில் வரும் சாமி பெயர்கள் அவருக்குத் தெரிந்தவை!

‘செலியா’வின் பத்துப் பாட்டுகளில் நான்கு தெய்வங்களின் பெயரில் வருபவை: முச்சந்திக்கு உரிய எலெகுவா, புயல்காற்றுக்கு உரிய ஓயா, இரண்டு பாட்டுகளில் யெமாயா. இந்த யெமாயா யொரூபா மக்களின் சொந்த மண்ணில் யெமோஜா, ஆற்றுத் தெய்வம். ‘மீன்களைப் பிள்ளைகளாகப் பெற்ற தாய்’ என்று பெயருக்கே பொருள் சொல்வார்கள். கியூபாவுக்குப் போனதும் கடல் தெய்வமாகிவிட்டாள். கடலைத் தாண்டி வந்தவர்கள் ஆற்றுத்தாயைக் கடலிலேயே வைத்துக் கும்பிட்டதை நினைத்தால், அந்தப் பாட்டுகளை என்னால் பின்னணியில் ஓடவிட்டு வேலை பார்க்க முடியவில்லை.

சில பாட்டுகளுக்கு நைஜீரிய இசைக் கலைஞர் ஃபெலா குட்டியின் டிரம்மர் டோனி ஆலன் வாசித்திருக்கிறார். பெனினின் காங்பே பித்தளை வாத்தியக் குழுவும் உண்டு. 2020-இல் கிராமி விருதும் கிடைத்தது, சரி, அது கிடக்கட்டும்.

எங்கே தொடங்குவது என்றால் அந்தத் தொகுப்பில் வரும் ‘கிம்பரா’ பாட்டு. செலியா 1974-இல் இசைக் கலைஞர் ஜானி பாச்செகோவோடு பதிவு செய்ததை முதலில் போடுங்கள், உடனே கிட்ஜோவின் பதிவு. யெமாயா பாட்டுகளை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஹெட்ஃபோனில்.