ஆறும் மலையும் சேர்ந்த ட்ரெயில் ஓட்டப் பாதையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சாலையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிப் பழகியவர், இனி ட்ரெயிலில் (காட்டிலும் மலையிலும் போகும் மண்பாதையில்) ஓட நினைத்துக் கேட்டிருக்கிறார்: ஆற்றுப் பள்ளத்தாக்கும் மலையும் ஒரே ஓட்டத்தில் கிடைக்கிற, கண்ணுக்கு நிறைவான பாதை எப்படி இருக்க வேண்டும், எதைப் பார்த்து முடிவு செய்வது என்று.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மலையை முதலில் வையுங்கள், ஆற்றைக் கடைசியில் வையுங்கள். எந்தப் பாதை என்று தேடுவதில் முக்கால்வாசி நேரத்தைச் செலவழிக்கிறோம். அதை எந்தப் பக்கமிருந்து, எத்தனை மணிக்குத் தொடங்குவது என்று யோசிக்க ஐந்து நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. ஒரே வளையப் பாதையை வலமாக ஓடினால் ஒன்று, இடமாக ஓடினால் முற்றிலும் வேறொன்று. இது எனக்கு உறைக்க நாலைந்து வருடம் பிடித்தது.

முதன்முதலில் இப்படியொரு வளையத்துக்குப் போனபோது நானும் ஆற்றங்கரையைத்தான் முன்னால் வைத்தேன். கணக்குச் சரியாகத்தான் தெரிந்தது. ஆற்றோரம் என்றால் சமதளம், உடம்பு சூடாகும், பிறகு நிதானமாக மலையேறலாம். வரைபடத்தில் அந்த ஒன்பது கிலோமீட்டரும் ஒரு சம உயரக் கோட்டைக்கூட (ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்துப் போடும் கோடு) வெட்டாமல் ஆற்றை ஒட்டியே போனது. ஒரு மணி நேரம் போதும் என்று நினைத்துப் போன எனக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது.

ஆறு வளையும்போது வளைவின் வெளிக்கரையை அரிக்கும், உள்கரையில் மணலையும் கூழாங்கல்லையும் கொண்டுவந்து கொட்டும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் அது ஓடுகிறவன் காலுக்கு என்ன செய்யும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அரித்துப்போன கரையில் பாதைக்கு இடம் இருக்காது. அதனால் பாதை மேட்டில் பதினைந்து மீட்டர் ஏறும், வேரைப் பிடித்துக்கொண்டு இறங்க வைக்கும், அடுத்த வளைவில் மறுபடியும் ஏறும். வரைபடத்தில் இருபது மீட்டருக்கு ஒரு கோடு என்றால் இந்தக் குட்டி ஏற்றங்கள் ஒன்றுகூட அதில் சிக்காமல் தப்பிவிடலாம். சரி, உள்வளைவிலாவது ஓடலாம் என்றால் அங்கே மணல். ஓடுகிற மாதிரியும் இருக்கும், நகராத மாதிரியும் இருக்கும். போதாக்குறைக்கு, ஆற்றில் வந்து சேரும் ஒவ்வொரு சிற்றோடைக்கும் பாதை உள்ளே வளைந்து போய்த் திரும்பும். எதிரே கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிற மரத்தை அடைய அரை கிலோமீட்டர்.

மலையடிவாரத்துக்கு வந்தபோது பாதி உயிர் போயிருந்தது, வெயிலும் ஏறியிருந்தது. முகட்டில் நின்று பார்த்தேன். எதிர்மலை வெளிறிப்போய்ச் சாம்பல் பூசின மாதிரி இருந்தது. இதற்கா வந்தோம் என்றிருந்தது.

அடுத்த மாதம் அதே வளையத்தைத் திருப்பிப் போட்டேன். விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், கும்மிருட்டில், ஏற்றத்திலிருந்து தொடக்கம். பொதுவாக ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் 6.5 டிகிரி அளவுக்குக் குறையும் என்பார்கள். தெளிந்த, காற்றில்லாத இரவு முடிகிற நேரத்தில் பள்ளத்தாக்குக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. சரிவுகளில் குளிர்ந்த காற்று கனமாகி, தண்ணீர் மாதிரி வழிந்து அடியில் போய்த் தேங்கிக்கொள்ளும். குளிர் கீழே, கதகதப்பு மேலே. ஆற்றின் ஈரமும் சேர்ந்தால் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி.

அந்தப் பனிக்குள்தான் ஏறிக்கொண்டிருந்தேன். ஹெட்லேம்ப் வெளிச்சம் பனியில் பட்டு என் முகத்துக்கே திரும்பி வந்தது. கண் இமையில் நீர்த்துளி. இரண்டு எட்டுக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. விளக்கைக் கழற்றி இடுப்புயரத்தில் கையில் பிடித்த பிறகுதான் பாதையின் மேடுபள்ளம் நிழல் விழுந்து தெரிந்தது (இந்த ஒரு வித்தையை மட்டும் மறக்காதீர்கள், பனியில் நெற்றி விளக்கு எதிரி). பிறகு ஒரு திருப்பத்தில், யாரோ போர்வையை உருவின மாதிரி, பனி முடிந்துவிட்டது. தலைக்கு மேல் நட்சத்திரம் மிச்சமிருந்தது. முகட்டுக்கு வரவும் சூரியன் வரவும் சரியாக இருந்தது. கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை. ஆறு எங்கெங்கே வளைகிறதோ அங்கெல்லாம் வெள்ளையும் வளைந்திருந்தது. ஒன்பதரை மணிக்கு அது கரையத் தொடங்கியபோது நான் இறங்கத் தொடங்கினேன், அடியைத் தொடுகையில் ஆறு பளிச்சென்று கிடந்தது. போன மாதம் என்னைக் கொன்ற அதே ஒன்பது கிலோமீட்டர். இந்தத் தடவையும் வேகமாக ஓடவில்லை. ஆனால் அவசரம் என்று எதுவும் மிச்சமில்லாததால் அது உறுத்தவில்லை. மணல் வந்தால் நடந்தேன்.

உலகத்தில் பேர்போன பாதைகளிலும் இந்த வரிசையைப் பார்க்கலாம். நியூசிலாந்தின் கெப்ளர் ட்ராக் 60 கிலோமீட்டர் வளையம். 1988 முதல் அங்கே நடக்கும் கெப்ளர் சேலஞ்ச் ஓட்டம் ஏரிக்கரையில் கொஞ்ச தூரம் போய், காட்டுக்குள் ஏறி, மரம் முளைக்காத உயரத்தில் முகட்டோடு ஓடி, ஐரிஸ் பர்ன் பள்ளத்தாக்கில் இறங்கி, கடைசியில் வையாவு ஆற்றை ஒட்டிப் புறப்பட்ட இடத்துக்கே வருகிறது. மலை முன்னால், ஆறு பின்னால்.

மோன் பிளாங்க் மலையைச் சுற்றிப் போகும் பாதை வேறு ரகம். பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என மூன்று நாடுகள், சுமார் 170 கிலோமீட்டர். 2003இல் தொடங்கிய யூடிஎம்பி (அல்ட்ரா ட்ரெயில் டு மோன் பிளாங்க்) ஓட்டம் ஏறக்குறைய இதே பாதையில்தான், மொத்த ஏற்றம் 10,000 மீட்டரை ஒட்டி வரும். அங்கே பள்ளத்தாக்கு, கணவாய், பள்ளத்தாக்கு, கணவாய் என்று மாறி மாறி வரும், முன்பின் என்ற பேச்சே இல்லை. இத்தாலியும் சுவிட்சர்லாந்தும் தொடுகிற கிராண்ட் கோல் ஃபெரே கணவாய் 2,537 மீட்டர். வந்த பள்ளத்தாக்கு முதுகுக்குப் பின்னால், போக வேண்டியது கண் முன்னால். போட்டியில் 46 மணி 30 நிமிடத்தில் முடிக்க வேண்டும். நடந்து போகிறவர்கள் பத்து நாள்வரை எடுத்துக்கொள்கிறார்கள். கண்ணால் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் என் ஓட்டு பத்து நாளுக்கு.

இப்போது விலக்கு. ஆறு கடைசியில் வரட்டும் என்றேன் அல்லவா, அது பாலம் இருக்கிற ஆற்றுக்கு மட்டும்.

ஒரு முறை நானும் நண்பனும் காலையில் ஒரு ஓடையைக் கல் தாண்டிக் கடந்தோம். ஏழு கல். எண்ணினது நினைவிருக்கிறது, ஏனென்றால் ஐந்தாவது கல் ஆடியது, அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டோம். ஷூவின் மேல்பக்கம்கூட நனையவில்லை. மலையில் சுற்றிவிட்டு நாலு மணிக்குத் திரும்பி வந்தால், தெரிந்தது இரண்டே கல். அந்த இரண்டின் தலையிலும் பழுப்புத் தண்ணீர் ஏறி இறங்கியது. எங்கள் தலையில் ஒரு சொட்டு மழை விழவில்லை, எங்கேயோ மேலே பெய்திருக்கிறது. அடியில் கற்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதும் சத்தம் தண்ணீர் சத்தத்துக்குள்ளே தனியாகக் கேட்டது. ஏதோ கனமான சாமானை மாடியில் இழுப்பது போல.

"முட்டிக்குக் கொஞ்சம் மேலதான்டா இருக்கும், கையைப் பிடிச்சுக்கிட்டுப் போயிரலாம்" என்றேன்.

"ஆழம் தெரியாம காலை விடாதேம்பாங்க. நமக்குத்தான் காலையிலேயே ஆழம் தெரிஞ்சு போச்சே. அதான் சொல்றேன், வேணாம். திரும்பு."

பாலம் பதினொரு கிலோமீட்டர் மேலே. இருட்டில்தான் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் அவன்மேல் எரிச்சல், மறுநாள் காலையில்தான் அது நன்றியானது. வேகமாக ஓடும் தண்ணீர் முட்டியளவு இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும். கலங்கின தண்ணீரில் அடி தெரியாது, உருளும் கல் கணுக்காலில் அடித்தால் அவ்வளவுதான். கடந்தே ஆக வேண்டிய நிலை வந்தால் ஆறு அகன்று பரந்து ஓடும் இடத்தில் கடக்க வேண்டும், வளைவில் இறங்கவே கூடாது. முதுகுப் பையின் இடுப்பு, மார்பு வார்களைக் கழற்றிவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும், விழுந்தால் பை இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க. பனி உருகி வரும் ஆறுகள் இன்னும் தந்திரம். விடியற்காலையில் அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏற உருகி, சாயங்காலம் பெருகி நிற்கும். ஆகவே பாலமில்லாத ஆறு இருந்தால் விதியைத் தலைகீழாக்குங்கள்: ஆற்றை முதலில் கடந்துவிட்டு, திரும்பி வருவதற்குப் பாலம் உள்ள வேறு வழியைப் பாருங்கள்.

கலிபோர்னியாவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் நூறு மைல் ஓட்டத்தில் 78ஆவது மைலில் அமெரிக்கன் ஆறு குறுக்கே வருகிறது. ரக்கி சக்கி என்று அந்த இடத்துக்குப் பெயர். ஓடி வருபவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடக்கிறார்கள், தண்ணீர் அதிகமான வருடங்களில் படகில் ஏற்றிவிடுகிறார்கள். குதிரைகளுக்காக நடந்துகொண்டிருந்த பந்தயத்தில் 1974இல் கோர்டி ஐன்ஸ்லி என்பவர் குதிரையில்லாமல் காலால் ஓடி 23 மணி 42 நிமிடத்தில் முடித்ததிலிருந்துதான் அந்த ஓட்டமே பிறந்தது. அங்கே ஓடுகிறவர்களை மலையைவிட அதிகம் வாட்டுவது ஆழமான பள்ளத்தாக்குகளின் சூடு. ஆறு என்றால் குளிர்ச்சி என்று மனசு நம்புகிறது. குறுகிய, பாறைச்சுவர் கொண்ட பள்ளத்தாக்கில் மதியம் நேர்மாறு. காற்று அசையாது, பாறை சூட்டைத் திருப்பி அடிக்கும். கிராண்ட் கேன்யனில் தெற்கு விளிம்பு சுமார் 2,100 மீட்டர் உயரம், அடியில் கொலராடோ ஆறு சுமார் 750 மீட்டர். கோடையில் மேலே இதமாக இருக்கும், கீழே 40 டிகிரியைத் தாண்டும். அங்கே இறக்கம்தான் முதலில் வரும், களைத்த பிறகு ஏற்றம். ஒரே நாளில் ஆறுவரை இறங்கித் திரும்ப முயல வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. அதையும் மீறி ஓடுகிறவர்கள் உண்டு. நீங்கள் முதல் ஓட்டத்திலேயே அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம்.

இறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம். சாலை ஓட்டக்காரர்கள் ஏற்றத்துக்குப் பயப்படுகிறார்கள், அடி வாங்குவது இறக்கத்தில். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது, அந்த வலி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் முழுசாகத் தெரியும். எட்டைச் சின்னதாக வையுங்கள், குதிகாலை முன்னால் நீட்டிக் குத்தாதீர்கள். கண் மூன்று நான்கு மீட்டர் முன்னால் இருக்கட்டும். அழகான இடம் வந்தால் நின்று பாருங்கள். நான் ஓடிக்கொண்டே ஒரு அருவியைப் பார்த்தேன். அருவி எப்படி இருந்தது என்று இப்போது ஞாபகம் இல்லை, முழங்கால் தழும்பு மட்டும் இருக்கிறது.

வெளிச்சத்தையும் வரைபடத்திலேயே பார்த்துவிடலாம். வடக்கு தெற்காக ஓடும் ஆழமான பள்ளத்தாக்கில் காலையில் சூரியன் தாமதமாக எட்டிப்பார்க்கும், சாயங்காலம் சீக்கிரம் மறைந்துவிடும். பத்திரிகையில் போடும் சூரியாஸ்தமன நேரத்தை அங்கே நம்பினால் இருட்டில்தான் திரும்புவீர்கள். கடிகார ஜிபிஎஸ்ஸும் அப்படித்தான். செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து, நீங்கள் ஆற்றுக்கு நடுவில் ஓடியதாகக்கூடக் காட்டும். பேரிரைச்சல் ஆற்றருகே பத்தடி தள்ளி நிற்பவர் கத்தினாலும் கேட்காது, ஒரு விசில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்தென்றால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதுவது மலைகளில் பொது வழக்கம். கேட்டவர் மூன்று முறை ஊதிப் பதில் தருவார்.

உங்களுக்கு எவ்வளவு தூரம் சரி? நூறு மீட்டர் ஏற்றத்தை ஒரு கிலோமீட்டராகக் கூட்டிக்கொள்ளுங்கள், ட்ரெயில் ஓட்டக்காரர்கள் பரவலாகப் போடும் கணக்கு இது. பன்னிரண்டு கிலோமீட்டரில் நானூறு மீட்டர் ஏற்றம் என்றால் உடம்புக்குப் பதினாறு. சாலையில் பதினைந்து ஓடுகிறவருக்கு முதல் தடவை அது போதும், இருபதைத் தொடாதீர்கள். வரைபடத்தில் சம உயரக் கோடுகள் ஆங்கில 'வி' எழுத்துப் போல மடங்கி, அதன் முனை மேட்டுப் பக்கம் குத்தினால் அங்கே ஓடை. முனை பள்ளத்துப் பக்கம் இறங்கினால் அது மலையின் நீட்டுமுனை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், முன்பின் தெரியாத வளையத்தில்கூட எங்கே கால் நனையும், எங்கே காட்சி திறக்கும் என்று வீட்டிலிருந்தபடியே விரல் வைத்துச் சொல்லிவிடலாம்.

நான் இப்போதெல்லாம் ஓட்டத்தை முடிக்கும் இடத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிடுகிறேன். உள்வளைவு மணல்மேடு ஒன்றைத் தேடி, ஷூவைக் கழற்றிவிட்டு, காலை முட்டிவரை தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்காருவேன். முதல் ஒரு நிமிடம் குளிர் எலும்பில் ஏறும், பிறகு கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. மிச்சமிருக்கும் ஒரு கிலோமீட்டர் நடைதான்.