பட்டறை கேள்வி பதில்: கிளட்ச் பெடலில் ஆட்டம்

கேள்வி: என்னுடையது ராடு லிங்கேஜ் (பெடலைக் கம்பிகளால் கிளட்சோடு இணைக்கும் அமைப்பு) உள்ள பழைய லாரி. பெடலை அடிவரை மிதித்தாலும் ரிவர்ஸ் கியர் கரகரவென்றுதான் விழுகிறது. ராடை இரண்டு தடவை டைட் வைத்தாயிற்று, ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. இந்த வேலையை நானே கற்றுக்கொள்ளலாமா?
- நாமக்கல் வாசகர்

பதில்: தாராளமாக. கியர்பாக்ஸை இறக்கத் தேவையில்லாத வேலை. ஆனால் மூன்றாம் தடவையாக அந்த நட்டில் ஸ்பேனரை வைக்காதீர்கள். செக் நட் (அட்ஜஸ்ட் நழுவாமல் பூட்டும் நட்) இறுகியிருந்தும் டைட் நிற்கவில்லை என்றால், தேய்ந்திருப்பது பின்னும் (மூட்டை இணைக்கும் ஆணி) புஷ்ஷும்தான் (ஓட்டைக்குள் அடிக்கும் குழல்).

பெடலை மிதித்தால் முன் ராடு குறுக்கு ஷாஃப்டைத் திருப்புகிறது. ஷாஃப்டின் மறுகை பின் ராடு வழியாக ஃபோர்க்கை (கவை வடிவ லீவர்) அசைக்கிறது. ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைப் பிரஷர் பிளேட் (கிளட்ச் டிஸ்க்கை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் தட்டு) விரல்கள்மேல் அழுத்துகிறது, கிளட்ச் விடுபடுகிறது. இடையில் நான்கு மூட்டு. 12 மி.மீ. பின் 11.4 ஆகத் தேய்ந்து, ஓட்டை 12.6 ஆக விரிந்திருந்தால் ஒரு மூட்டில் 1.2 மி.மீ. வீண். நான்கிலும் 4.8. பெடல் கை 300 மி.மீ., ராடு மாட்டும் கை 60 மி.மீ., ஷாஃப்டின் இரு கைகளும் ஒரே நீளம் என்றால், அது காலடியில் ஐந்து மடங்காகி 24 மி.மீ. ஆகும். ஒரு அங்குல மிதி எந்த வேலையும் செய்யாமல் போகிறது.

இதிலேயே இன்னொரு வம்பு. கையால் அழுத்திப் பார்த்து '25 மி.மீ. பிளே (பேரிங் விரலைத் தொடும் முன் பெடல் சும்மா போகும் தூரம்) இருக்கிறது' என்று விட்டுவிடுவோம். அந்த 25-ம் பின்களின் ஆட்டமாகவே இருக்கலாம். அப்படியானால் ரிலீஸ் பேரிங் விரல்களை ஒட்டியே சுற்றிக்கொண்டிருக்கும், சீக்கிரம் கருகும்.

சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். உதவியாளர் பெடலைக் கையால் மெல்ல அசைக்கட்டும். நீங்கள் ஒவ்வொரு யோக்கிலும் (ராடு நுனியில் உள்ள U வடிவக் கவை), அது பிடித்திருக்கும் லீவரிலும் படும்படி விரலை வையுங்கள். யோக்கு நகர்ந்தும் லீவர் நகராத இடம் விரலுக்கே தெரிந்துவிடும்.

கழற்றும் முன், செக் நட்டுக்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். முதலில் ரிட்டர்ன் ஸ்பிரிங், பிறகு ஸ்ப்ளிட் பின் (மூட்டுப் பின் கழலாமல் பூட்டும் சிறு கம்பி), கடைசியில் மூட்டுப் பின். டீசலில் கழுவி வெர்னியரால் இரண்டு இடத்தில் அளந்துகொள்ளுங்கள்: தேய்ந்த நடுப்பகுதி, ஸ்ப்ளிட் பின் ஓட்டைக்குப் பக்கத்தில் உள்ள தேயாத நுனி. நுனிதான் பழைய அளவைச் சொல்லும். நடுவில் நகம் தடுக்கும் அளவுக்குப் படி விழுந்திருந்தால் பின்னை மாற்றிவிடுங்கள்.

முட்டை வடிவில் விரிந்த லீவர் ஓட்டைக்குப் புதுப் பின் மட்டும் போதாது. லேத்தில் கொடுத்து ஓட்டையைப் பெரிதாக்கி புஷ் அடிக்க வேண்டும். பின்னுக்குப் பதில் போல்ட் போடுகிறார்கள் பாருங்கள், அதன் மரை ஓட்டையை அரம் போல ராவிவிடும்.

குறுக்கு ஷாஃப்டின் கன்மெட்டல் புஷ்ஷை அடித்து ஏற்றியதும் உள்துளை சுருங்கும். ஷாஃப்டை முட்டித் தள்ளாமல் ரீமர் (துளையைச் சீவி அளவாக்கும் கருவி) விட்டு அளவு பிடியுங்கள். புஷ்ஷின் கிரீஸ் ஓட்டை நிப்பிளுக்கு நேராக வரவேண்டும். திரும்பிப் போனால் எத்தனை பம்ப் கிரீஸ் அடித்தாலும் உள்ளே போகாது. அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

எல்லாம் மாட்டி, புது ஸ்ப்ளிட் பின் போட்டபின் அட்ஜஸ்ட். பேரிங்குக்கும் விரலுக்கும் 2 முதல் 2.5 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். ஃபோர்க் இரண்டு மடங்கு லீவரேஜ் கொண்டதாக இருந்தால் ஃபோர்க் நுனியில் 4 முதல் 5, பெடலில் 20 முதல் 25 மி.மீ. வரும். உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பிடியுங்கள். யோக்குக்குள் மரை குறைந்தது ராடின் விட்டம் அளவுக்காவது இறங்கியிருக்கட்டும்.

சோதனை: ஐடிலில் பெடலை முழுதும் மிதித்து ஐந்தாறு வினாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். இன்னும் கரகரத்தால் கோளாறு லிங்கேஜைத் தாண்டி கிளட்ச் ஹவுசிங்குக்குள் இருக்கிறது.

கேள்வி: எங்கள் வண்டியில் நேர்மாறு. பெடல் பிளே தானாகக் குறைகிறது, மேட்டில் கிளட்ச் நழுவுகிறது. லிங்கேஜ் தேய்ந்தால் பிளே கூடத்தானே வேண்டும்?
- தேனி வாசகர்

பதில்: சரியாகப் பிடித்தீர்கள். உங்களுக்குத் தேய்வது டிஸ்க் லைனிங். அது மெலிய மெலியப் பிரஷர் பிளேட் ஃப்ளைவீல் பக்கம் நகரும். விரல்கள் எதிர்ப்பக்கம் வந்து பேரிங்கை முட்டும். ராடைத் தளர்த்திப் பிளே திரும்பக் கொடுங்கள். அட்ஜஸ்ட் செய்ய மரை மிச்சமில்லை என்றால் ராடை வெல்டு வைத்து நீட்டாதீர்கள், டிஸ்க் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஹவுசிங்கைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதக்கூடாது. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிளே ஒரு நாள் கூடி ஒரு நாள் குறைந்தால், அதோடு வண்டி கிளம்பும்போது உதறினால், இன்ஜின் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். குறுக்கு ஷாஃப்டின் ஒரு முனை சேசிஸில், மறுமுனை கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் வண்டிகளில், இன்ஜின் ஆடினால் கிளட்சும் தானே அசையும்.

கேள்வி: பெடலைத் தொட்டதும் உறுமல் சத்தம். எது போயிற்று?
- கரூர் வாசகர்

பதில்: பிளே தீர்ந்து பேரிங் விரலைத் தொடும்போது தொடங்கினால் ரிலீஸ் பேரிங். மிதிக்காதபோது இருந்து, முழுதும் மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங்.