வறுமையைக் குறைப்பது அரசா, வணிகமா?

உலக வறுமையைக் குறைப்பதில் அரசுக்கும் வணிகத்துக்கும் என்ன பங்கு என்று கேட்டிருக்கிறீர்கள். உயர்தரத்தில் பொருளியல் படிக்கிறீர்கள் போல. பரீட்சைக்கு “இரண்டும் தேவை” என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். நான் இலங்கையில், யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் ஒரு சிக்கனக் கடனுதவுச் சங்கத்தில் கணக்குப் பார்ப்பவள். அரசு முந்தி வர வேணும் என்பதுதான் என் பதில்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா. புருஷன் போரில் காணாமல் போனவர். 2009க்குப் பிறகு நுண்கடன் கம்பனிகள் ஊருக்குள் வந்தன. அடமானம் வேண்டாம், பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும் என்றார்கள். அக்கா கடன் எடுத்து வலை வாங்கித் தம்பியின் படகில் ஏற்றினா. ஒரு இரவு இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போய்விட்டன. கிழமைத் தவணை அதற்காக நிற்குமா? அதைக் கட்ட இன்னொரு கம்பனியில் எடுத்தா. காசு வாங்க வருகிற பெடியன் பொழுதுபடும் வரை முற்றத்தில் இருப்பான். இவ கட்டாவிட்டால் மற்றப் பெண்கள் கட்ட வேணும்; கூடித் திரிந்தவர்கள் கதைப்பதையே விட்டார்கள். “கடல் தராட்டி நான் எங்கால கட்டுறது, பிள்ளை?” என்று என்னிடம் கேட்டா.

கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடித் தொழிலை இலங்கையில் தடைசெய்யும் சட்டம் 2017இல்தான் வந்தது. நுண்கடன் வட்டிக்கு 35 வீத உச்சவரம்பு 2018இல் வந்தது. அதே ஆண்டு வறட்சி பாதித்த மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களுக்குத் தள்ளுபடியும் அறிவித்தார்கள். அதற்குள் அக்காவின் தோடு அடைவில் மூழ்கிவிட்டது.

நான் கம்பனிகளுக்கு எதிரி என்று யாரும் எழுத வேண்டாம். வடக்கில் நண்டு பதப்படுத்தும் தொழிற்சாலைகளில் எத்தனையோ பெண்கள் சம்பளம் எடுக்கிறார்கள். சீனாவில் நாற்பது ஆண்டுகளில் ஏறக்குறைய 80 கோடிப் பேர் கடும் வறுமையிலிருந்து மீண்டதில் சந்தைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அங்கே குடும்பங்களுக்கு உழ நிலமும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் கிடைக்கச் செய்தது அரசு.

  

“வாங்கும்போது வட்டி தெரியாதா?” என்று கேட்க வருபவர்களுக்கு: அக்காவின் கடன் அட்டையை நானே பார்த்தேன். கிழமைக்குக் கட்ட வேண்டிய தொகை மட்டும் எழுதியிருந்தது. ஆண்டு வட்டி எத்தனை வீதம் என்று அதில் எங்கேயும் இல்லை.