மண்ணில் மீத்தேன் உண்ணும் பாக்டீரியாக்களை எப்படி எண்ணுகிறார்கள்?

நெல் வயல் மண்ணில் இவை எத்தனை இருக்கும், எப்படி எண்ணுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அகார் தட்டில் முளைப்பதை மட்டும் எண்ணினால் நான் நம்பமாட்டேன். அகாரில் ஒட்டியிருக்கும் கரிமப் பொருளைத் தின்றே வேறு பாக்டீரியாக்களும் வளர்ந்துவிடும்.

வெகுகாலமாகப் புழங்கும் வழி எம்.பி.என்., அதாவது எத்தனை குப்பிகளில் வளர்ந்தது என்பதை வைத்து எண்ணிக்கையை மதிப்பிடும் முறை. மண்ணைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, ஒவ்வொரு நிலைக்கும் மூன்று அல்லது ஐந்து குப்பிகளில் நைட்ரேட் தாது உப்புக் கரைசலோடு சேர்ப்பார்கள். ரப்பர் மூடியை இறுக்கி, மேலேயுள்ள காற்றில் சுமார் 20 சதவீதம் மீத்தேன் செலுத்துவார்கள். (5 முதல் 15 சதவீதக் கலவை வெடிக்கும், பக்கத்தில் பர்னர் வேண்டாம்!) சில வாரம் கழித்து, கலங்கலை மட்டும் பார்த்தால் போதாது, மீத்தேன் குறைந்ததா என்று கேஸ் குரோமட்டோகிராபில் (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவி) பார்க்க வேண்டும். கிருமி நீக்கிய குப்பி ஒன்றும் கட்டாயம், மூடி கசிந்தாலும் மீத்தேன் குறையுமே. குறைந்த குப்பிகளின் எண்ணிக்கையை அட்டவணையோடு ஒப்பிட்டால் கிராமுக்கு எத்தனை என்று தெரியும்.

ஆய்வகத்தில் வளராதவை இதில் விடுபடும். அதனால் இப்போது மண்ணின் டி.என்.ஏ.வில், மீத்தேனை ஆக்சிஜனேற்றும் நொதிக்கான பி.எம்.ஓ.ஏ. மரபணுவைக் கியூ.பி.சி.ஆர். (மரபணுவைப் பெருக்கி அதன் பிரதிகளை அளக்கும் முறை) மூலம் அளக்கிறார்கள். ஆனால் இதில் செத்த செல்லும் கணக்கில் சேரும். பல இனங்களில் அந்த மரபணு இரண்டு பிரதி இருக்கும், அதனால் பிரதிகளின் எண்ணிக்கையே செல்களின் எண்ணிக்கை ஆகாது. மெத்திலோசெல்லா என்ற மீத்தேன் உண்ணும் பாக்டீரியாவிலோ அதுவே கிடையாது, அதே வேலையைச் செய்யும் வேறொரு நொதிக்கான எம்.எம்.ஓ.எக்ஸ். மரபணுவைத் தனியாகத் தேட வேண்டும்.